மைசினுக்கு என்ன ஆயிற்று?

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவமனைகளுக்கு வரும் செயற்கை நுண்ணறிவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கருவி டாக்டரைவிடத் துல்லியமாகச் சொல்லுமா என்பதையே கட்டுரை சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு நோயைப் பொறுத்தவரை 1979-லேயே அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைத்தும் ஒன்றும் நடக்கவில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃபும் சகாக்களும் 1970-களில் உருவாக்கிய வல்லுநர் அமைப்பு மைசின்; அதாவது நிபுணர்களின் அறிவை விதிகளாக எழுதி வைத்து, அவற்றைக் கொண்டு யோசனை சொல்லும் கணினி புரோகிராம். ரத்தத்தில் கிருமி பரவினாலோ மெனிஞ்சைட்டிஸ் (மூளை உறை அழற்சி) வந்தாலோ எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று யோசனை சொல்லும். உள்ளே சுமார் 500 விதிகள். கிருமி சாயச் சோதனையில் கிராம் நெகட்டிவ், கோல் வடிவம், ஆக்சிஜன் இல்லாமல் வளர்வது என்றால் அது பாக்டீராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம், நம்பிக்கை அளவு 0.6 என்கிற ரீதியில் போகும். அது கேட்கும் கேள்விக்கு டாக்டர் பதிலுக்கு 'ஏன்' என்று தட்டினால், எந்த விதியைச் சரிபார்க்க அதைக் கேட்டது என்று எடுத்துக் காட்டும். நான் பாடம் நடத்திய காலத்தில் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும் இடம் இது. இன்றைய கருவிகள் பலவற்றிடம் இப்படிக் கேட்டு நேரான பதில் வாங்க முடியாது.

10 மெனிஞ்சைட்டிஸ் நோயாளிகளுக்கு மைசின் சொன்ன மருந்தையும் டாக்டர்கள் எழுதிய மருந்தையும், எது யாருடையது என்று சொல்லாமல் வெளியூர் நிபுணர்கள் 8 பேரிடம் கொடுத்தார்கள். நிபுணர்கள் 'ஏற்கலாம்' என்று சொன்னது மைசினுக்கு 65 சதவீதம். ஸ்டான்ஃபோர்டின் தொற்றுநோய்ப் பேராசிரியர்களுக்கு 42.5 முதல் 62.5 வரை. அப்படியும் அது ஒருநாள்கூட வார்டுக்குள் போகவில்லை. ஒரு நோயாளிக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து விவரங்களைத் தட்டச்சு செய்ய எந்த டாக்டருக்கு நேரம் இருக்கிறது? தப்பாகிப்போனால் யார் பொறுப்பு என்ற சிக்கல் வேறு.

அதே மைசினிலிருந்து விதிகளை மட்டும் கழற்றிவிட்டு, மீதிக் கட்டமைப்பின் மேல் செய்த இன்னொரு புரோகிராம் பஃப். நுரையீரல் பரிசோதனை முடிவுகளைப் படித்து அறிக்கை எழுதும், அவ்வளவுதான் அதன் வேலை. எண்கள் பரிசோதனைக் கருவியிலிருந்தே வந்துவிடும். டாக்டர் படித்துப் பார்த்து, வேண்டுமானால் திருத்திக் கையெழுத்துப் போடுவார். பெரும்பாலான அறிக்கைகளுக்குத் திருத்தமே தேவைப்படவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவமனை ஒன்றில் அது அன்றாடப் புழக்கத்துக்கே வந்தது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்ற டாக்டர் வயிற்றுவலிக்குக் காரணம் கணிக்கச் செய்த புரோகிராமையும் சொல்ல வேண்டும். அதில் விதிகள் இல்லை, நிகழ்தகவுக் கணக்குதான். 304 நோயாளிகளில் கணினி 91.8 சதவீதம் சரியாகச் சொன்னது. மூத்த டாக்டர்கள் 79.6. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. கணினிக்காக ஒரே மாதிரிப் படிவத்தில் அறிகுறிகளைக் கேட்டு எழுதிய காலத்தில் டாக்டர்களின் கணிப்பும் மேம்பட்டது. சோதனை முடிந்து கணினியை எடுத்ததும் அது மறுபடி சறுக்கியது.

ஆகவே, விற்க வருபவர் 95 சதவீதம், 98 சதவீதம் என்று ஸ்லைடு போட்டுக் காட்டும்போது, விவரங்களை யார், எந்த நேரத்தில் உள்ளிடுவது, கடைசியில் கையெழுத்து யாருடையது என்றுதான் மருத்துவமனைகள் முதலில் கேட்க வேண்டும். இந்தப் பொருளில் அடுத்த கட்டுரை போடுவதாக இருந்தால் நிறுவனத்தாரின் பேட்டியோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தத் திரையில் தட்டச்சு செய்யப்போகும் நைட் டியூட்டி நர்ஸிடமும் நாலு வார்த்தை கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர், திருச்சி