மடக்கு மேசையோடு போகும் மருமகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவில், லத்தீனோ இளைஞர்களுக்கு, அதாவது மெக்சிகோ முதலிய லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்த பிள்ளைகளுக்கு, தலைமைப் பயிற்சி தரும் தொண்டு நிறுவனம் ஒன்றில் கோடைக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். சொன்ன கையோடு, "நம் பிள்ளைக்கு அங்கே என்னடா வேலை?" என்றும் கேட்டாள். பத்து வருடத்துக்கு முன்னால் அதே ஊரில் படிக்கப்போன நான் இப்படி ஒரு நிறுவனத்தில் ஒரு கோடையைக் கழித்தேன். உன் அம்மாச்சி அன்றைக்குக் கேட்டதும் இதே கேள்விதான். அவருக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. உனக்காவது சொல்லிப் பார்க்கிறேன். எழுத்துக்கூட்டிப் படி, முடியாத இடத்தில் அம்மாவை வாசிக்கச் சொல்.

முதல் நாள், இஸ்திரி போட்ட சட்டையில் போய் நின்றேன். ஏதோ ஆய்வறிக்கை எழுதச் சொல்வார்கள் என்று நினைப்பு. கையில் ஒரு மடக்கு மேசையைக் கொடுத்தார்கள். லத்தீனோக்கள் நிறைந்த மேற்குப் பகுதியில் கடை வாசல், தேவாலய வளாகம், பஸ் நிறுத்தம் என்று போய் அதை விரித்து, வாக்காளர் பதிவுப் படிவங்களை அடுக்கி, வெயிலில் நிற்க வேண்டும். நிரப்பிக் கொடுக்கும் படிவத்தைக் கையில் வாங்கும் உரிமைகூட எனக்குக் கிடையாது. டெக்சஸில் அதற்குக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தின் நியமனம் வேண்டும். 18 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனுக்குத்தான் அதைத் தருவார்கள். நான் மாணவர் விசாக்காரன். ஆகவே என்னைவிட ஐந்தாறு வயது இளைய பிள்ளைகள் படிவம் வாங்க, நான் குடை பிடித்தேன், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், மேசையைச் சுமந்தேன். நாளெல்லாம் நின்று ஏழு படிவம் கிடைத்தால் அது நல்ல நாள்.

நீ அமெரிக்காவிலேயே பிறந்தவள், உனக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் வாங்கிய படிவத்தை ஐந்து நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதே. தாமதித்தால் சட்டப்படி குற்றம். இன்னொன்று, அந்தக் கவுண்டியின் பெயரை எழுத்தைப் பார்த்து 'பெக்சார்' என்று வாசித்து என்னைப்போல் அசடு வழியாதே. ஊர்க்காரர்கள் வாயில் அது 'பேர்'.

மேசையோடு அலைவதற்கு அந்த ஊரில் ஒரு பரம்பரை உண்டு. வில்லி வெலாஸ்கெஸ் என்றொருவர். 1967-இல், இருபத்து மூன்று வயதில், இன்னும் நான்கு பேரோடு சேர்ந்து மெக்சிகோ அமெரிக்க இளைஞர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1974-இல் தென்மேற்கு மாநிலங்களில் வாக்காளர்களைப் பதிவு செய்வதற்கென்றே ஒரு நிறுவனத்தை நிறுவினார். 'சு வோத்தோ எஸ் சு வோஸ்' என்பது அவருடைய முழக்கம்: உங்கள் வாக்கே உங்கள் குரல். 44 வயதில், 1988-இல், புற்றுநோயில் இறந்துபோனார். முழக்கத்தைச் சுவரில் எழுதி வைத்திருப்பார்கள், நீ பார்ப்பாய். எனக்குப் பிடித்தது அவர் வேலை செய்த விதம். ஓர் ஊருக்குப் போனால் ஜனநாயகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை. அந்த ஊரில் எந்தத் தெருவுக்குத் தார் போடவில்லை, எங்கே சாக்கடை இல்லை என்று முதலில் விசாரிப்பது. வாக்குரிமை என்றால் திரும்பிப் பார்க்காதவர்கள், வடிகால் என்றால் நின்று பேசுவார்கள்.

சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதியில் பெருமழை பெய்தால் தெருவே ஓடையாகிவிடும். பல காலம் அப்படியே கிடந்தது. காரணம் எளிது. நகர மன்ற உறுப்பினர்களை ஊர் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்ததால், வசதியான பகுதிகள் நினைத்தவர்களே பெரும்பாலும் வந்தார்கள். 1977-இல்தான் தொகுதி வாரியாகத் தேர்தல் என்று மாறியது. அதற்கு முன்பே, 1971-இல், ரோசி காஸ்ட்ரோ என்ற பெண் நகர மன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அவர் மகன் ஹூலியான் 2009-இல் அதே ஊருக்கு மேயர் ஆனார்.

'இளம் தலைவர்களை உருவாக்குகிறோம்' என்று அறிக்கைகளில் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூசும். 1969 டிசம்பரில் கிறிஸ்டல் சிட்டி என்ற சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். பள்ளியில் பெரும்பான்மை மெக்சிகோ அமெரிக்கப் பிள்ளைகள். ஆனால் விளையாட்டுத் திடலில் உற்சாகமூட்டும் பெண்கள் நால்வரில் ஒருத்திக்கு மேல் அவர்களில் இருக்கக்கூடாது என்பது வழக்கம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். அடுத்த ஏப்ரலில் அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கான தேர்தலில் அவர்கள் தரப்பு வென்றது. அந்தப் பிள்ளைகளை யாரும் கோட்டு மாட்டிவிட்டு மேடையில் நிறுத்தியிருக்கவில்லை.

நான் இருந்த இடத்தில் கோட்டு உண்டு. மாதிரிச் சட்டமன்றம் நடத்துவார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் மசோதா கொண்டுவந்து விவாதிப்பார்கள். பயனில்லை என்று சொல்லமாட்டேன், வாய் திறக்காத பிள்ளைகள் மூன்றாம் நாள் மைக்கைப் பிடுங்குவதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் படங்களெல்லாம் அந்தச் சட்டமன்றத்தில்தான் எடுத்தார்கள். மேசையருகே ஒருநாளும் கேமரா வந்ததில்லை.

வீடு வீடாகப் போய்த் தட்டியதில் ஒரு கதவு மட்டும் இன்னும் நினைவில் நிற்கிறது. ஒரு பாட்டி திறந்தார். என்னோடு வந்த பெண்ணைப் பார்த்து "மிஹா" என்று தொடங்கி ஸ்பானிஷில் கடகடவென்று பேசினார். 'என் மகளே' என்று பொருள்; நம் வீட்டு 'கண்ணு' மாதிரி. அந்தப் பெண்ணுக்குப் பாதிதான் புரிந்தது. பதில் சொல்ல வரவில்லை. காதுவரை சிவந்துபோனாள். திரும்பும் வழியில் சொன்னாள்: அவளுடைய பாட்டி பள்ளியில் ஸ்பானிஷ் பேசியதற்காக அடி வாங்கியவராம். டெக்சஸ் பள்ளிகளில் அப்படி ஒரு காலம் இருந்தது. தன் பிள்ளைகளாவது அடி வாங்காமல் இருக்கட்டும் என்று அவர் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசியிருக்கிறார். இப்போது பேத்தியைப் பார்த்து, 'உனக்கு உன் பாஷையே தெரியாதா?' என்று ஊரார் கேட்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது பெரியப்பா இதையே கேட்டதும் நீ மாடிக்கு ஓடிப்போனாயே, அது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் உன்னை யாரும் தமிழுக்காக அடிக்கவில்லை. 'எனக்கும் அப்படித்தான்' என்று அவர்களிடம் சட்டென்று சொல்லிவிடாதே. முதலில் கேட்டுக்கொள்.

அவர்களை எப்படி அழைப்பது என்பதையும் அவர்களையே கேள். ஒருவர் 'சிகானோ' என்பார், ஒருவர் 'தெஹானோ' என்பார், இன்னொருவர் 'ஹிஸ்பானிக்' என்பார். 'குடியேறியவர்கள்' என்று மட்டும் எல்லாரையும் சேர்த்துச் சொல்லாதே. டெக்சஸ் 1845-இல்தான் அமெரிக்காவோடு சேர்ந்தது. அதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கும் குடும்பங்கள் உண்டு.

சம்பளம் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. கிடையாது என்றால், அது ஏன் என்று கேட்டுப் பார். கோபமாக வேண்டாம், ஆனால் கேள். வாஷிங்டனில் 1978-இல் தொடங்கப்பட்ட ஹிஸ்பானிக் எம்.பி.க்களின் பயிற்சி நிறுவனம் உதவித்தொகையும் தங்குமிடமும் தருகிறது. தராவிட்டால் யாருக்காக அந்த வாய்ப்போ அவர்களே வரமுடியாது என்று அவர்களுக்குத் தெரியும். என்னோடு நின்ற பையன் ஒருவன் இரவு உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டுக் காலையில் மேசைக்கு வருவான். ஜூலையில் நின்றுவிட்டான். நீ கூலியில்லாமல் ஆகஸ்ட் வரை நிற்கமுடிவது உன் அப்பாவின் சம்பளத்தால்.

அகலமான விளிம்புள்ள தொப்பி ஒன்று வாங்கிக்கொள். பேனா ஒரு டஜன் வைத்துக்கொள். கையெழுத்துப் போடுகிறவர்கள் மறந்து எடுத்துப்போய்விடுவார்கள். மேசையை மடக்கும்போது கீழே இருக்கும் கம்பியில் விரலை வைக்காதே. என் இடது பெருவிரல் நகம் கோணலாக இருப்பது அதனால்தான்.

அன்புடன்,
மாமா