ஐந்தடி நிலமும் வீட்டுக் காப்பீடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ அபாயம் உள்ள பகுதிகளில் வீட்டுக் காப்பீட்டுக் கட்டணம் ஏறிவருவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். நிறுவனங்களின் போக்கை விரிவாகச் சொன்ன அச்செய்தி, காப்பீட்டுப் பாலிசியைப் புதுப்பிக்க மறுக்கும் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் வீட்டுக்காரர் என்ன செய்யலாம் என்பதைத் தொடவில்லை. சேக்ரமெண்டோவுக்குக் கிழக்கே சியரா நெவாடா மலையடிவாரத்தில் பதினாறு ஆண்டுகளாகக் குடியிருப்பவன், சென்ற ஆண்டு அப்படியொரு நோட்டீஸைப் பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கட்டணம் ஏறுவதற்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2018 நவம்பர் 8 அன்று பற்றிய தீ பாரடைஸ் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 85 உயிர்களைக் குடித்தது. 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இழப்பீடு கொடுக்க முடியாமல் மெர்செட் என்ற சிறிய காப்பீட்டு நிறுவனமே திவாலானது. 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்திலேயே கால்டர் தீ கிரிஸ்லி ஃபிளாட்ஸ் என்ற ஊரை ஏறக்குறைய துடைத்துப்போட்டது. 2025 ஜனவரியில் பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரு தீக்களும் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 16,000-க்கும் அதிகமான கட்டடங்களை எரித்தன. 1988-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 103-ஆம் முன்மொழிவின்படி, கட்டணத்தை உயர்த்த மாநிலக் காப்பீட்டு ஆணையரின் முன்அனுமதி வேண்டும். அந்த அனுமதியும் நெடுங்காலம் கடந்தகால இழப்புகளின் சராசரியை வைத்தே தரப்பட்டது. கட்டுபடியாகவில்லை என்று சொல்லி, மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனமான ஸ்டேட் ஃபார்ம் 2023 மே மாதத்தில் புதிய பாலிசிகளை நிறுத்தியது.

அந்தப் பழைய கணக்குமுறைக்கு மாற்றாக வந்த புதிய விதிகள், வருங்கால அபாயத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளையும் மறுகாப்பீட்டுச் செலவையும் (காப்பீட்டு நிறுவனம் தனக்கே எடுத்துக்கொள்ளும் காப்பீட்டின் செலவு) கட்டணத்தில் சேர்க்க நிறுவனங்களை அனுமதிக்கின்றன. பதிலுக்கு, மாநிலம் முழுவதிலும் ஒரு நிறுவனத்துக்குள்ள சந்தைப் பங்கில் 85 விழுக்காட்டு அளவையாவது அபாயப் பகுதிகளிலும் எட்ட வேண்டும். இந்தப் பேரத்தில் நிறுவனங்களுக்குக் கிடைத்த பாதி, அதாவது கட்டண உயர்வு, எங்கள் வீட்டுத் தபால்பெட்டிக்கு எப்போதோ வந்துவிட்டது. எங்களுக்குக் கிடைக்க வேண்டிய பாதியை எங்கள் தெருவில் நான் இன்னும் பார்க்கவில்லை.

நண்பர்கள் பலரும் முதலில் செய்யும் காரியம் காப்புத் தொகையைக் குறைத்துக்கொள்வது. அது பெரும் பிழை. வீட்டின் சந்தை விலை வேறு, எரிந்த வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு வேறு. ஊரே எரிந்த பிறகு ஒரே நேரத்தில் எல்லாரும் கட்டுநரைத் தேடும்போது அந்தச் செலவு இன்னும் கூடும். கட்டணத்தைக் குறைத்தே ஆக வேண்டுமானால், சேதம் நேர்ந்தால் முதலில் நாமே ஏற்கும் டிடக்டபிள் தொகையை நம் சேமிப்பு தாங்குமளவுக்கு உயர்த்துவது மேல். வீட்டுக்கடன் உள்ளவர்கள் பாலிசியைக் காலாவதியாக விட்டால், வங்கி தானே ஒரு பாலிசியை எடுத்து நம் கணக்கில் ஏற்றிவிடும். அதன் விலை அதிகம், அது காப்பது பெரும்பாலும் வங்கியின் நலனைத்தான்.

அடுத்தது, பலருக்கும் தெரியாத ஓர் உரிமை. நிறுவனம் நம் வீட்டுக்குப் போட்டிருக்கும் காட்டுத்தீ அபாய மதிப்பெண்ணைக் கேட்டுப் பெறவும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி இடம் தருகிறது. என் நிறுவனத்திடம் கேட்டபோது, மதிப்பெண்ணோடு வானிலிருந்து எடுத்த ஒரு படமும் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நான் வெட்டி அகற்றிய பைன் மரம் அதில் என் கூரைமேல் கம்பீரமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. இல்லாத மரத்துக்காக என்னை ஒதுக்கப் பார்த்திருக்கிறார்கள்!

அந்தக் கோபத்தோடுதான் வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். குறை என்னிடமும் இருந்தது. வீடுகளில் பல, சுவர்போல் வரும் தீச்சுவாலையால் எரிவதில்லை. ஒரு மைலுக்கு அப்பாலிருந்துகூடக் காற்றில் பறந்துவரும் தணல் துண்டுகள் சுவரோரம் கிடக்கும் சருகில் விழுந்து புகைந்துதான் எரிகின்றன. ஆகவே சுவரிலிருந்து முதல் ஐந்தடியே எல்லாவற்றிலும் முக்கியம். சன்னலுக்குக் கீழே நின்ற ஜூனிப்பர் புதரின் வெளிப்புறம் பச்சையாகத்தான் இருந்தது. கையை உள்ளே விட்டபோது, தொட்டாலே பொடியாகும் காய்ந்த சுள்ளி முழங்கை வரை. அதைப் பிடுங்கி, மரப்பட்டைத் தூளை வாரிவிட்டுச் சரளைக்கல் பரப்பினோம். சுவரில் படர்ந்திருந்த முல்லைக்கொடியைத் தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்ற என் மனைவியைச் சம்மதிக்க வைத்ததுதான் இதில் கடினமான வேலை. கூரையடிக் காற்றுத் துளைகளுக்கு எட்டில் ஓர் அங்குலக் கண்ணுள்ள உலோக வலை அடித்தோம். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த மரவேலியின் கடைசித் துண்டை எடுத்துவிட்டு இரும்புக் கதவு வைத்தோம். மரவேலி என்பது தீ வீட்டுக்கு நடந்து வரும் பாதை. ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் தேதியோடு படமெடுத்து, ரசீதுகளையும் சேர்த்து வைத்தேன்.

பழைய நிறுவனம் மனம் மாறவில்லை. முகவர் ஒருவர் அந்தப் படங்களை வேறு நிறுவனத்துக்கு அனுப்ப, அவர்கள் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள், முன்பு கட்டியதைப்போல் ஒன்றரை மடங்கு கட்டணத்தில். இத்தகைய பணிகளுக்குத் தள்ளுபடி தர வேண்டும் என்பது மேற்சொன்ன 2022-ஆம் ஆண்டு விதியின் ஆணை. எவ்வளவு என்பதை விதி நிர்ணயிக்கவில்லை. எனக்குக் கிடைத்த ஆண்டுத் தள்ளுபடி இரும்புக் கதவின் விலைக்குக்கூடக் காணாது.

யாருமே ஏற்காதபோது மிஞ்சுவது, மாநிலத்தின் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து தாங்கும் கடைசிப் புகலிடத் திட்டமான ஃபேர் பிளான். அதன் அடிப்படைப் பாலிசி தீ, புகை, மின்னல் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே. திருட்டு, குழாய் உடைந்து வரும் நீர்ச்சேதம், நம்மால் பிறருக்கு நேரும் காயம், சேதத்துக்கான பொறுப்பு ஆகியவற்றுக்குத் தனியாக இன்னொரு பாலிசி எடுக்க வேண்டும். 2025 தீக்களுக்குப் பிறகு அத்திட்டம் உறுப்பு நிறுவனங்களிடம் 100 கோடி டாலர் கேட்டது. அதில் பாதியை அந்நிறுவனங்கள், அனுமதி பெற்று, தங்கள் பாலிசிதாரர்களிடம் வசூலிக்க முடியும் என்பதால் இது மலையடிவாரத்தாரின் கவலை மட்டுமல்ல.

நோட்டீஸ் வந்தவர்கள் இரண்டு விவரங்களைக் கவனிக்க வேண்டும். புதுப்பிக்க மறுப்பதாயின் நிறுவனம் 75 நாள்களுக்கு முன்பே தெரிவித்தாக வேண்டும். அந்த நாள்களை வீணாக்கக் கூடாது. ஆளுநர் நெருக்கடிநிலை அறிவித்த தீயின் எல்லைக்குள்ளும் அதை ஒட்டியும் உள்ள அஞ்சல் குறியீடுகளில், காட்டுத்தீ அபாயத்தைக் காட்டி ஓராண்டுக்குப் பாலிசியை நிறுத்த முடியாது. நம் குறியீடு அதில் உள்ளதா என்பதை ஆணையர் அலுவலகத்தில் கேட்டறியலாம்.

அந்த ஆணையர் பதவி மக்கள் வாக்களித்து நிரப்பும் பதவி. 2026 நவம்பரில் அதற்குத் தேர்தல். தள்ளுபடிக்கு ஒரு குறைந்தபட்ச அளவை விதியிலேயே எழுதுவீர்களா, மதிப்பெண்ணுக்கு அடிப்படையான படம் எத்தனை மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று வரையறுப்பீர்களா என்ற இரு கேள்விகளை வேட்பாளர்களிடம் தங்கள் நிருபர்கள் கேட்டு, பதிலை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர்,
எல்டொராடோ மாவட்டம், கலிஃபோர்னியா