மிளகாய்க் கண்டுகள் பற்றிப் பிள்ளைக்கு

கிளிநொச்சி
சித்திரை மாதம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நானும் கொம்மாவும் சுகம். நீ அனுப்பின படம் பார்த்தன். மிளகாய்க் கண்டுகள் நூல் மாதிரி நீண்டுபோய் நிக்குது. அது பசளைக் குறை இல்லை, வெளிச்சக் குறை. அறை சூடாயிருந்து வெளிச்சம் காணாட்டில் கண்டு இழுபடும், தண்டு பெலக்காது. பசளை போட்டால் இன்னும் இழுக்கும், போடாதை. நீட்டு எல்இடி லைற் ஒண்டு வாங்கி நுனிக்கு மேல அரை அடிக்குள்ள கட்டு. நாளுக்கு 14 தொடக்கம் 16 மணித்தியாலம் எரியட்டும், இரவில நிப்பாட்டு. தக்காளி எண்டால் நீண்ட தண்டை மண்ணுக்குள்ள தாழ்த்து நடலாம், தண்டில வேர் விடும். மிளகாய் அப்பிடித் தாராளமா விடாது.

தண்ணியை மேலால ஊத்தாதை. தட்டில விட்டு அடியால உறிஞ்ச விடு, அரை மணித்தியாலத்தில மிச்சத்தைக் கொட்டு. குளிர்ந்த ஈர மண்ணில கழுத்தடி அழுகும். அழுகினது மீளாது, பக்கத்துக் கண்டுக்கும் பரவும்.

படத்தில இருக்கிற யன்னல் எந்தப் பக்கம் பாக்குது? போன வருஷப் படங்களில குசினி யன்னலுக்கு வெளியில மரவேலி தெரியும். இதில வேற கட்டடம் தெரியுது. தெற்கு பார்த்த யன்னல் எண்டால் நல்லது, வடக்கு எண்டால் லைற் இல்லாமல் சரிவராது. எத்தினையாம் மாடி எண்டதையும் எழுது. காத்துக்காகத்தான் கேக்கிறன்.

ரொறன்ரோவில மே நடுப்பகுதி வரைக்கும் உறைபனி விழக்கூடும். மே 25க்கு முந்தின திங்கட்கிழமை வாற விக்டோரியா தினத்துக்கு முதல் ஒண்டையும் வெளியில நடாதை. மிளகாயும் கத்தரியும் அதுக்குப் பிறகும் பொறுக்க வேணும். இரவில 13 பாகைக்குக் கீழ போனால் சாகாது, ஆனால் வளராமல் குந்தியிருக்கும், பூக்கிற நேரமெண்டால் பூவும் கொட்டும். யூன் முதல் கிழமை நடு. இஞ்ச இரவிலயும் 25 பாகை, இந்தக் கணக்கை அங்க கொண்டு போகாதை.

நடமுதல் ஏழு தொடக்கம் பத்து நாள் வெளிக்குப் பழக்கு. முதல் நாள் ஒரு மணித்தியாலம், நிழலில, காத்துப் படாத மூலையில. பிறகு நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி வெயிலுக்கு நகர்த்து. வீட்டுக்குள்ள வளர்ந்த இலை நேர் வெயில் பட்டால் வெளுத்துக் கருகும். மாடி எண்டால் வெயிலை விடக் காத்துத்தான் முறிக்கும், தடி குத்திக் கட்டு.

போன வருஷம் நீ காய்க்க வைச்ச கத்தரியின்ரை படத்தைக் கொம்மா அயல் முழுக்கக் காட்டினவ. அவ்வளவு கெட்டித்தனம் உள்ள பிள்ளை. இப்ப படம் மட்டும் வருது, எழுத்து ஒண்டும் இல்லை. நாலு வரி எழுதினால் கை தேயாது.

சட்டியில வைக்கிறதெண்டால் தக்காளிக்கும் கத்தரிக்கும் 20 லீற்றர், மிளகாய்க்கு 10 லீற்றர் காணும். அடியில ஓட்டை இருக்க வேணும். தோட்ட மண் அள்ளிப் போடாதை, சட்டிக்குள்ள இறுகி வேர் மூச்சு விடாது. சட்டிக்கெண்டு விக்கிற கலவையை வாங்கிக் கூட்டெரு கலந்து நிரப்பு. யூலை வெயிலில நாளாந்தம் தண்ணி. ஒரு நாள் காயவிட்டு மற்ற நாள் வெள்ளமா விட்டால் தக்காளிக் காயின்ரை அடி கறுக்கும். அது நோய் இல்லை, சுண்ணாம்புச் சத்துக் காய்க்குப் போய்ச் சேராததால வாறது. ஒரு ஆளுக்கு மூண்டு மிளகாயும் ஒரு தக்காளியும் தாராளம். ரெண்டு பேருக்கு எண்டால் தக்காளியைக் கூட்டு. எத்தினை பேருக்கு எண்டு நீதான் சொல்ல வேணும்.

கறிவேப்பிலைச் சட்டியைக் கொண்டு வந்திட்டியோ? உள்ள இருந்து இலை கொட்டியிருந்தால் பட்டுப் போச்செண்டு எறியாதை. தண்ணியைக் குறை, மேல் மண் காய்ஞ்சாப் பிறகுதான் விடு. வெளிச்சம் கூடினால் தளிர்க்கும். இரவு 10 பாகைக்குக் கீழ போற நாளில வெளியில விடாதை.

கடிதத்தை மாமியின்ரை விலாசத்துக்கே போடுறன். நீ சொல்லும் மட்டும் அவவிட்டை நான் ஒண்டும் கேக்க மாட்டன். போன் இரவிலயும் திறந்துதான் கிடக்கு, நேரம் பாக்காமல் எடு.

திரும்பவும் சொல்லுறன், விக்டோரியா தினத்துக்கு முதல் நடாதை. லைற்றை இந்தக் கிழமையே வாங்கு.

அன்புடன்,
அப்பா