18 மாத அபராதம், சிறை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பின் முன்னாள் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ் பற்றி ஒரு செய்தி வந்தது. பாலியல் வன்கொடுமை வழக்கில் அவருக்கு 18 மாதச் சிறை என்று அதில் போட்டிருந்தீர்கள். அது தவறு. 2025 பிப்ரவரியில் மாட்ரிட் நீதிமன்றம் அவருக்கு விதித்தது 18 மாத அபராதம். அரசுத் தரப்பு இரண்டரை ஆண்டு சிறை கேட்டும் நீதிபதி சிறைத் தண்டனை விதிக்கவில்லை.

‘மாத அபராதம்’ என்பது நமக்குப் பழக்கமில்லாத ஏற்பாடு. ஸ்பெயினின் தண்டனைச் சட்டத்தில் அபராதத்தை நாள் கணக்கில் விதிப்பார்கள். குற்றத்தின் அளவைப் பார்த்து எத்தனை நாள் என்று முடிவு செய்வார்கள். குற்றவாளியின் வருமானத்தைப் பார்த்து நாளுக்கு எவ்வளவு என்று முடிவு செய்வார்கள். நாளுக்கு 2 யூரோவிலிருந்து 400 யூரோ வரை போகலாம். மாதம் என்றால் 30 நாள். ரூபியாலெஸுக்கு நாளுக்கு 20 யூரோ, 18 மாதம், அதாவது 540 நாள். மொத்தம் 10,800 யூரோ. பணத்தைக் கட்டாவிட்டால்தான், கட்டாத ஒவ்வொரு இரண்டு நாள் தொகைக்கும் ஒரு நாள் சிறை என்ற பேச்சு வரும். ஆங்கிலத்துக்கு வரும்போது ‘18 மாதம்’ மட்டும் தங்கி, ‘அபராதம்’ எங்கோ உதிர்ந்துவிடுகிறது.

நான் ஸ்பானிய நீதிமன்ற ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவள். இதே தவறு ஓர் இளைஞரின் வேலையையே பறித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் திருத்தம் போடுங்கள் என்று ஒரு வரியில் முடிக்காமல் இவ்வளவு எழுதுகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். பார்சிலோனாவில் மேற்படிப்பு படித்தபோது ஒரு கடையில் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு பணம் கட்டாமல் வெளியே வந்துவிட்டார். செய்தது தப்புதான், அதை அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பிற்பாடு வளைகுடாவில் வேலை கிடைத்து, நிறுவனம் பழைய வழக்கு விவரத்தை ஆங்கிலத்தில் கேட்டது. மலிவாகச் செய்துதரும் யாரிடமோ கொடுத்து வாங்கி அனுப்பிவிட்டார். வேலை கைநழுவிய பிறகு அவருடைய அப்பா இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

ஸ்பானியத் தாளில் இருந்தது ‘தெலித்தோ லெவே தெ உர்த்தோ’, அதாவது சிறு திருட்டு; தண்டனை ‘உன் மெஸ் தெ முல்த்தா’, அதாவது ஒரு மாத அபராதம். ஆங்கிலத் தாளில் இருந்ததோ ராபரி, ஒரு மாதத் தண்டனை! இரண்டுமே பிழை. யாரையும் மிரட்டாமல், எதையும் உடைக்காமல் அடுத்தவர் பொருளை எடுப்பதுதான் உர்த்தோ. பொருளின் மதிப்பு 400 யூரோவைத் தாண்டாவிட்டால் அது பொதுவாகச் சிறு குற்றம். ஒன்றிலிருந்து மூன்று மாத அபராதத்தோடு முடியும். பூட்டை உடைத்தாலோ, சுவர் ஏறிக் குதித்தாலோ, கத்தியைக் காட்டினாலோ அது வேறு குற்றம், வேறு பெயர். இந்தப் பையன் கட்டியது 30 நாள் கணக்கில் 180 யூரோ. மறுபடி குற்றம் செய்யாமல் ஆறு மாதம் இருந்தால் அந்தப் பதிவையே நீக்க ஸ்பானியச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ராபரி என்று எழுதியதும் அதைப் படிக்கும் அதிகாரி கத்தியையும் முகமூடியையும்தானே நினைப்பார்? நம் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்குப் பத்து ஆண்டு வரை சிறை உண்டு. நான் புதிதாக மொழிபெயர்த்து, அபராதக் கணக்குக்கு ஒரு குறிப்பும் சேர்த்துக் கொடுத்தேன். அதற்குள் அந்த இடத்தில் வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

உங்கள் நிருபர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜேப்படி, வழிப்பறி, பூட்டை உடைத்துத் திருட்டு, கொள்ளை என்று தினமும் பிரித்துப் பிரித்து எழுதுகிறீர்கள். வேலூர் பஸ் ஸ்டாண்டில் பர்ஸ் அடித்தவனை நீங்கள் கொள்ளையன் என்று எழுதவே மாட்டீர்கள். அந்தக் கவனம் ஏஜென்சியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் செய்திக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஏனென்றால் பெரிய அரசியல் செய்திகளிலும் இதே கதைதான். 2019 அக்டோபரில், ஸ்பெயினிலிருந்து பிரிந்து தனிநாடு கேட்ட கட்டலோனியா தலைவர்கள் ஒன்பது பேருக்கு ‘செதிசியோன்’ குற்றத்துக்காக 9 முதல் 13 ஆண்டு வரை சிறை விதிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அது செடிஷன் ஆனது. செடிஷன் என்றால் நமக்கு உடனே இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு, தேசத்துரோகம். நம் பழைய 124ஏ சொல்லாலோ எழுத்தாலோ அரசின் மீது வெறுப்பைத் தூண்டுவதைப் பற்றியது. ஸ்பெயினில் அன்றிருந்த குற்றமோ, கூட்டமாகத் திரண்டு எழுந்து, பலத்தாலோ சட்டத்துக்குப் புறம்பாகவோ சட்டமும் நீதிமன்ற உத்தரவும் நிறைவேறாமல் தடுப்பது. அவர்கள் சட்டப் புத்தகத்தில் அது பொது ஒழுங்குக்கு எதிரான குற்றங்களின் வரிசையில்தான் இருந்தது. அரசியலமைப்புக்கு எதிரான கிளர்ச்சி என்பது தனிக் குற்றம். அரசுத் தரப்பு அந்தக் குற்றச்சாட்டை வைத்தும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தேசத்துரோகிகள் என்று தமிழில் எழுதினால், நீதிமன்றமே கொடுக்காத பட்டத்தை நாம் கொடுத்ததாகிவிடும். 2022 டிசம்பரில் அந்தக் குற்றத்தையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சரி, ரூபியாலெஸுக்கு வருகிறேன். ‘வன்கொடுமை’ என்ற சொல் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 வரை ஸ்பெயினில் இரண்டு குற்றங்கள் தனித்தனியாக இருந்தன: வன்முறையோ மிரட்டலோ இல்லாவிட்டால் பாலியல் அத்துமீறல், இருந்தால் பாலியல் தாக்குதல். 2016இல் பாம்ப்லோனா திருவிழாவில் ஐந்து பேர் ஓர் இளம்பெண்ணைச் சீரழித்தார்கள். 2018இல் நவாரா நீதிமன்றம் அதை வெறும் அத்துமீறல் என்று சொல்லி ஒன்பது ஆண்டு கொடுத்தது. நாடே தெருவுக்கு வந்தது. மறு வருடம் உச்ச நீதிமன்றம் அது வன்புணர்ச்சிதான் என்று சொல்லித் தண்டனையை 15 ஆண்டாக்கியது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 2022 சட்டம். சம்மதம் இல்லையா, அது பாலியல் தாக்குதல் என்று இரண்டையும் ஒரே தலைப்பில் சேர்த்தது. வன்புணர்ச்சி அதற்குள் தனிப் பிரிவாக, கடும் தண்டனையோடு இருக்கிறது.

ஆகவே 2023இல் சிட்னியில் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை மேடையில் ஸ்பெயின் வீராங்கனை ஹென்னி எர்மோசோவின் தலையைப் பிடித்துச் சம்மதம் இல்லாமல் உதட்டில் முத்தமிட்டதும் அந்தத் தலைப்பின் கீழ்தான் வருகிறது. அது அற்ப விஷயம் என்று நான் சொல்லவில்லை. குற்றம்தான் என்று நீதிமன்றம் சொன்னது, எனக்கும் அதே கருத்து. ஆனால் வன்கொடுமை என்று மட்டும் எழுதி, நடந்தது என்ன என்று எழுதாமல் விட்டால், வாசகர் வேறொன்றை நினைத்துக்கொள்வார். ரூபியாலெஸுக்கும் அது நியாயமில்லை, எர்மோசோவுக்கும் நியாயமில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வெளிநாட்டு வழக்குச் செய்தியில் குற்றத்தின் பெயருக்கு முன்னால், அவர் என்ன செய்தார் என்று ஒரு வாக்கியம் போடுங்கள். தண்டனையில் சிறை எவ்வளவு, அபராதம் எவ்வளவு, பதவித் தடை எவ்வளவு என்று பிரித்துப் போடுங்கள். ஸ்பெயின் நீதிபதி பால்தசார் கார்சோனுக்கு 2012இல் கிடைத்ததுகூடப் பதினோரு ஆண்டுப் பதவித் தடையும் அபராதமும்தான், சிறை அல்ல. ஸ்பானியச் சட்டம் முழுவதும் அரசிதழ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தண்டனைச் சட்டத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை அந்நாட்டு நீதி அமைச்சகமே வெளியிட்டிருக்கிறது. ராத்திரி பக்கம் முடிக்கும் அவசரத்தில் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்; தொலைபேசி எண்ணைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ரூபியாலெஸ் செய்திக்கான திருத்தத்தை அதே விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்சி