மகளிடம் இதைச் சொல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளை விமானப்படையில் எடுத்துவிட்டார்கள் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். ஆனால் கண் பரிசோதனையில் விமானிப் பிரிவு கைநழுவி, தரைப் பணிதான் கிடைத்தது என்று அவள் சோர்ந்து கிடக்கிறாளாமே. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

வானைத் தன் வசம் வைத்திருப்பதுதான் விமானப்படையின் முதல் வேலை. தலைக்கு மேல் எதிரி பறந்தால் தரைப்படையோ கடற்படையோ நிம்மதியாக நகர முடியாது. அதற்குப் போர் விமானம் வேண்டும், சரி. ஆனால் அது எங்கே, எப்போது போக வேண்டும் என்று யார் சொல்வது? 1940இல் ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டனைத் தாக்க வந்தபோது கரையோர ரேடார்கள் முன்கூட்டியே கண்டு சொல்லின. செய்தி தொலைபேசியில் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடும். அங்கே வரைபட மேசையைச் சுற்றி நின்ற இளம்பெண்கள் நீண்ட கோலால் அடையாளக் கட்டைகளை நகர்த்துவார்கள். அந்த மேசையைப் பார்த்துத்தான் எந்தப் பிரிவு எழும்ப வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அது இல்லாவிட்டால் விமானங்கள் நாள் முழுக்க வானத்தில் காவல் சுற்றியே களைத்திருக்கும்.

என் மனசுக்கு அதைவிட நெருக்கமானது பெர்லின். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு பெர்லின் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் பொறுப்பில் இருந்தது; அதைச் சுற்றிய பகுதி முழுக்க சோவியத் வசம். 1948 ஜூனில் சோவியத் தரப்பு அங்கே போகும் சாலை, ரயில், நீர்வழி எல்லாவற்றையும் அடைத்தது. உள்ளே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். சில வருடங்களுக்கு முன் அதே நகரத்தின்மேல் குண்டு போட்ட அமெரிக்க, பிரிட்டிஷ் விமானப்படைகள் இப்போது மாவும் நிலக்கரியும் சுமந்து வந்தன. மொத்தம் சுமார் 23 லட்சம் டன், அதில் பெரும்பங்கு நிலக்கரி! மும்முரமான நாட்களில் மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம். இறங்குவதில் ஒருமுறை தவறினால் மறுமுயற்சி கிடையாது, சரக்கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். இல்லையென்றால் பின்னால் வரும் வரிசை குலைந்துவிடும். அந்த வரிசையைக் கட்டிக் காத்தவர்கள் தரையில் இருந்தவர்கள். இரவு பகலாக இன்ஜினைக் கழற்றி மாட்டியவர்களும், மூட்டை இறக்கியவர்களும்கூடத்தான். 1949 மேயில் முற்றுகை விலகியது.

உளவு பார்ப்பது, நடுவானில் எரிபொருள் கொடுப்பது, காயம்பட்டவர்களைத் தூக்கி வருவது என்று இன்னும் எவ்வளவோ இருக்கிறது. எல்லாம் சேர்ந்ததுதான் விமானப்படை.

அவளுக்கு எந்தப் பிரிவு ஒதுக்கினார்கள் என்று எழுது. ரேடார் பக்கம் போட்டால் எனக்கு இரட்டிப்பு சந்தோஷம். அப்புறம், நான் போன மாதம் பணி ஓய்வு பெற்றுவிட்டேன். அவள் பயிற்சிக்குக் கிளம்புமுன் வந்து பார்க்கிறேன், தேதி மட்டும் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்