அந்த நாவலைக் காலை அரங்கில் வையுங்கள்: இலக்கிய விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், குழுவின் ஏனைய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு விழாவின் நிகழ்ச்சி நிரல் கிடைத்தது. நல்ல தாள், தெளிவான அச்சு. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் எங்கள் வாசகர் வட்டப் பெண்கள் இத்தனை நாளாகப் பேசிப் பேசி ஓயாத அந்த நாவலுக்கும் இடம் தந்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. எந்த இடம் என்று பார்த்தபோதுதான் மனம் சுருக்கென்றது. மகளிர் அரங்கு. மாலை 4.30. நன்றியுரைக்குச் சற்று முன்னால்.

சென்ற ஆண்டு நடந்ததை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அந்த மண்டபத்தில்தான் இருந்தீர்கள். பிரதம விருந்தினர் பிந்தி வந்தார். பொன்னாடைகள் நீண்டன. மகளிர் அரங்கின் தலைவி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தபோது, பின்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு வந்த உங்கள் அறிக்கை, பெண்களின் ஆர்வம் எதிர்பார்த்த அளவில் இருக்கவில்லை என்று கவலைப்பட்டது. ஐயா, அவர்கள் பஸ்ஸுக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்பிரிவுத் தோட்டங்களுக்கான கடைசி பஸ் ஐந்தேகாலுக்குப் புறப்படுகிறது. ஆள் குறைவென்றால் சாரதி அதையும் நிறுத்திவிடுவார். அதைத் தவறவிட்டால் ஆட்டோதான். ஆட்டோக்காரர் கேட்கும் தொகை ஒரு நாட் சம்பளத்தைத் தாண்டும். அந்தத் தொகைக்கும் அவர் சந்தி வரைதான் வருவார். தோட்டத்துப் பாதையில் இறங்கினால் வண்டி திரும்பாது என்பார், அதில் தவறும் இல்லை, பாதை அப்படி. சந்தியிலிருந்து எங்கள் வரிசை வீடுகளான லயம் வரை தேயிலைக்கு நடுவே குறுக்குவழி. மூடுபனி இறங்கிவிட்டால் ஆறு மணிக்கே பாதை தெரியாது. சிறுத்தை நடமாட்டம் பற்றிப் பத்திரிகைகள் எப்போதாவது எழுதும். லயத்தில் எந்த வீட்டு நாய் காணாமற்போனது என்று கேட்டால் எந்தச் சிறுவனும் பட்டியல் தருவான். இவற்றையெல்லாம் கடந்து வந்து சேர்ந்தாலும், ஒவ்வொரு வீட்டு முன்திண்ணையிலும், இஸ்தோப்புக்கு இஸ்தோப்பு, எங்கே போய் வருகிறாய் என்ற கேள்வி காத்திருக்கும். நாவல் பற்றிப் பேசிவிட்டு வருகிறேன் என்ற பதிலை எந்த மாமியார் ஏற்றுக்கொள்வார் என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. இவர்களில் பலர் அன்றைய கைக்காசுக் கொழுந்தை விட்டுவிட்டு வருகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பறித்தால் கிடைக்கும் காசை விட்டு, இருக்கிற நல்ல சேலையை உடுத்தி, காலை ஒன்பது மணிக்கே வந்து, மற்றவர்களின் புத்தகங்களைப் பற்றிய பேச்சையெல்லாம் பகல் முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கள் புத்தகத்தின் முறை வரும்போது எழுந்து போக வேண்டும். இதைவிட வராமலே இருக்கலாம். அப்படி வராவிட்டால் அதற்கும் உங்கள் அறிக்கையில் ஒரு வரி இருக்கும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான்: அந்த நாவலைக் காலை அரங்கில் வையுங்கள்.

காலை அரங்கு ‘மலையக வரலாறும் நாவலும்’ என்ற தலைப்பில் நடக்கிறது, இது குடும்பக் கதை, அதனால் பொருந்தாது என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் விளக்கினார். பொறுமையாகத்தான் விளக்கினார். ஆனாலும் அவர் நாவலின் பின்னட்டையை மட்டுமே வாசித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் வளர்ந்த இருவரில் ஒருத்தி ஆசிரியையாகிறாள், மற்றவள் கொழுந்துக் கூடை எடுக்கிறாள். இவ்வளவும் பின்னட்டையில் இருக்கிறது. உள்ளே இருப்பது வேறு. ஆசிரியை அதிபர் சேவைப் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் மாதங்களில் அவளுடைய கைக்குழந்தை யாரிடம் இருந்தது? கொழுந்து நிறுத்துவிட்டு வந்த கையோடு அந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவள் தோழிதான். அவளுடைய சொந்த மகள் ஒரு மூலையில் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பாடசாலைக்குப் போகாத நாட்கள் கூடிக்கொண்டே போயின. கடைசியில் அந்த மகள் படிப்பை நிறுத்தும்போது, விடுகைப் பத்திரத்தில் அதிபராகக் கையெழுத்திட வேண்டியவளாக ஆசிரியையே நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். அதன்பின் இருவரும் பேசுவதில்லை. ஆனால் குளிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் லயத்துக்கு மலைநீர் வரும் ஒரே பீலிதான். பேசாத இரு பெண்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே பீலிக்கரையில் குடத்தோடு நிற்கும் அந்த அத்தியாயத்தை எங்கள் வட்டத்தில் வாசித்த அன்று, ஆசிரியை செய்தது சரியா பிழையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை வந்துவிட்டது. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்களும் இருந்தார்கள், வாசிக்கத் தெரியாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. அவள் மேலே போகாதிருந்தால் நம் பிள்ளைகளுக்கு யார் பாடம் சொல்லித் தருவார் என்று ஒருவர். மேலே போனவள் கீழே இருந்து தூக்கிவிட்டவளைத் திரும்பிப் பார்த்தாளா என்று இன்னொருவர்.

இந்த மலைகளில் படித்த ஒரு தலைமுறை எப்படி உருவானது, அதற்கான விலையை எந்த வீட்டுப் பெண் பிள்ளை கொடுத்தாள் என்று கேட்கும் புத்தகம் இது. அது வரலாறு இல்லை என்றால், தொழிற்சங்கக் கூட்டத்தில் யார் யாரை எதிர்த்தார் என்பது மட்டும் எப்படி வரலாறாகும் என்று எனக்குப் புரியவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? மலையகத் தமிழ் நாவலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கோகிலம் சுப்பையாவின் பெயரில் இருந்துதானே தொடங்குகிறீர்கள்? ‘தூரத்துப் பச்சை’ வெளியானது 1964இல், மலையகத் தமிழரில் பெரும்பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே ஆண்டில். அதற்கும் முந்திய தலைமுறையில் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் நடேசய்யர் தொழிலாளர் கூட்டங்களில் மேடையேறிப் பாடினார். அவருக்கு யாரும் தனியாக மகளிர் அரங்கு ஒதுக்கி, கூட்டம் கலையும் நேரத்தில் பாடச் சொன்னதாக நான் வாசித்ததில்லை.

தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமச் சம்பளம் வந்தது 1984இல். சம்பளம் சமமாகிவிட்டது, நேரம் ஆகவில்லை. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்குப் போகிற ஆண் பெரும்பாலும் பகலோடு வேலையை முடித்து வீடு திரும்பிவிடுவார். கொழுந்துக்காரி மாலை நிறுவை முடியும்வரை மலையில் நிற்பாள், பிறகு வந்து அடுப்பு மூட்டுவாள். உங்கள் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தபோது எனக்கு அந்த நினைவுதான் வந்தது. பகல் ஆண்களுக்கு, அந்தி பெண்களுக்கு. விழா மேடையின் பெரிய பதாகையில் மட்டும் ஆண்டுதோறும் கூடை சுமந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். 2023இல், மலையகத் தமிழர் இங்கு வந்த இருநூறு ஆண்டு நினைவின்போது, அவளை இன்னும் பெரிதாக அச்சிட்டீர்கள். அவளுக்குப் பஸ் பிரச்சினை இல்லை. இரவு முழுவதும் மண்டபத்திலேயே நிற்பாள், யாரும் எங்கே போனாய் என்று கேட்கமாட்டார்கள், கருத்தும் சொல்லமாட்டாள். உங்களுக்கு மிகவும் வசதியான வாசகி.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். நீங்கள் கைக்காசைச் செலவழித்து, நன்கொடைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி இந்த விழாவை நடத்துகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நீங்கள் நடத்தாவிட்டால் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் நடத்தப் போவதில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறோம்.

தயவுசெய்து அந்த நாவலைக் காலை அரங்கில், பத்து மணியளவில் வையுங்கள். தேநீர் இடைவேளைக்கு முன் முடிந்துவிடும். எங்கள் வட்டத்திலிருந்து இருவர் பேசுவார்கள். ஒருவர் ஆசிரியை, மற்றவர் கொழுந்து பறிப்பவர். இருவருக்கும் நேரக் கட்டுப்பாடு தெரியும், பேச்சை நீட்டுகிற பழக்கம் இல்லை. பிரதம விருந்தினரின் உரையை மாலை 4.30க்கு மாற்றலாம். அவர் சொந்த வாகனத்தில் வருகிறவர். பிந்தி வந்தாலும் அந்த நேரத்துக்குள் நிச்சயம் வந்துவிடுவார்.

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று சொல்வீர்களானால், நேரத் திருத்தத்தைச் சிறிய சீட்டாக அச்சடித்து ஒட்டலாம். ஒட்டும் வேலையை எங்கள் வட்டத்து ஆசிரியைகள் சனிக்கிழமை வந்து செய்து தருவார்கள். காலையில் என்றால்.

இப்படிக்கு,
பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
வாசகர் வட்டப் பெண்கள் சார்பில்