மரமஞ்சள் கன்றுக்குத் தாய்க்கொடி எது?

மருத்துவத் தாவர நாற்றங்கால்களின் பொறுப்பிலுள்ள வனத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். அண்மையில் ஒரு நாற்றங்காலிலிருந்து நடவுக்குப் போன, மரமஞ்சள் என்ற மருத்துவக் கொடியின் கன்றுகள் அத்தனையும் ஒரே கொடியில் வெட்டிய குச்சிகள். அந்தக் கொடி ஆணா பெண்ணா என்பது பதிவேட்டில் இல்லை. கேட்டால், "கன்று நல்லாப் பிடிச்சிருக்கே" என்கிறார்கள்.

பிடித்திருக்கிறது, சரி. தென்னிந்தியாவில் மிக அருகிவிட்ட இக்கொடியில் ஆண் வேறு, பெண் வேறு என்பது தாங்கள் அறியாததல்ல. ஒரு கொடியின் குச்சிகள் எல்லாம் ஒரே பால்தான். ஆயிரம் நட்டாலும் கணக்கில்தான் ஆயிரம். பக்கத்தில் எதிர்ப்பால் கொடி இல்லையென்றால் ஒரு காய்கூடப் பிடிக்காது. விதைக்கன்றில் இரு பாலும் வரும். ஆனால் விதைக்குள் கரு முழுதாக வளர்ந்திருக்காது, முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும். முதல் பூவுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு. நட்டது வீண் என்று தெரியவரும் நாளில் நட்டவர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பார்.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு குச்சிக் கன்றின் பையிலும் தாய்க்கொடியின், அதாவது குச்சி வெட்டிய கொடியின், எண்ணும் பாலும் இருக்கட்டும்.

செலவில்லாத வேலை இது. கொடி பூக்கும்போது, இலையுதிர்ந்த முதிர்ந்த தண்டில் சின்னஞ்சிறு உருண்டைகளாகப் பூங்கொத்து வரும். ஒரு பூவைக் கைலென்சில் பார்த்தால் போதும். மகரந்தம் உள்ள ஆறு கேசரம் இருந்தால் ஆண். நடுவே மூன்றோ அதற்கு மேலோ சூலகம், சுற்றிலும் மகரந்தமில்லாத கேசரம் என்றால் பெண். அங்கேயே தகட்டில் எண் அடித்துத் தாங்குமரத்தில் கட்டிவிடலாம். தகட்டைக் கொடியில் இறுக்க வேண்டாம். தண்டு பருத்ததும் வெட்டிவிடும். குச்சி எடுப்பது பல கொடிகளிலிருந்து இருக்கட்டும், நடும்போது இரு பாலும் ஒரே சரிவில் இருக்கட்டும்.

காட்டில் திருட்டுக்கு முதலில் போவது பருத்த கொடி, அதாவது பூக்கும் வயதுக் கொடி. வேரோடு தோண்டுவதால் மறுதுளிருக்கும் வழியில்லை. காட்டில் எடுத்ததை ஏற்றுமதி செய்யத் தடை உண்டு; உள்ளூர் நாட்டு மருந்துக் கடையிலோ கட்டை தாராளமாகக் கிடைக்கிறது. 'இத்தனை ஆயிரம் கன்று' என்று பலகை வைக்கும் ஊக்கத்தில் பாதி இந்தத் திருட்டைத் தடுப்பதிலும் திரும்பலாம். மன்னிக்கவும், அது வேறு மடலுக்கான விஷயம்.

நாற்றங்காலில் மீதமிருக்கும் குச்சிக் கன்றுகளைத் தாய்க்கொடி எண்ணும் பாலும் எழுதாமல் நடவுக்கு அனுப்ப வேண்டாமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மருத்துவத் தாவரப் பணியிலுள்ள சிலர்